கடுமையான ஓசிடி: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் கட்டுப்படியாகிற சிகிச்சைக்கு எங்கே போவது?

கேட்டிருப்பவர் கடலூர் முதுநகர்க்காரர். அவருடைய தம்பிக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் பயமும் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற மனநோய். தம்பிக்கு 26 வயது, சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தவர். உடம்பில் கெமிக்கல் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் ஆரம்பித்தது. இப்போது குளியலறைக்குள் போனால் வெளியே வர மூன்று மணி நேரமாகிறது. வேலையை விட்டாயிற்று. அம்மாதான் அவர் துணியைத் தனியாக அலசுகிறார், அவருக்காகக் கதவைத் திறந்துவிடுகிறார், "ஒண்ணும் ஒட்டலடா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயிலுக்கும் தம்பி வருவதில்லையாம். இரண்டு தனியார் டாக்டர்களிடம் காட்டினார்கள். முதலாமவர் செர்ட்ரலின் 50 கொடுத்தார், ஒரு மாதம். அடுத்தவர் ஃப்ளூயோக்ஸெட்டின் 20, அதுவும் ஒரு மாதம், கூடவே தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. பலன் தெரியவில்லை. தெரபி என்று விசாரித்தால் ஒரு தடவைக்கு 1500 ரூபாய், வாரம் இரண்டு முறை வரச் சொல்கிறார்கள். "ஓசிடிக்கென்றே இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் எங்களால் முடிகிற செலவில் எங்கே கிடைப்பார்?" என்பது கேள்வி.

நான் மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து எழுதுகிற ஆள் இல்லை. அதனால் மருந்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் நீங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். நீங்களாக மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம்.

ஓசிடி சிகிச்சை இரண்டு பாதியாக இருக்கிறது. ஒரு பாதி மருந்து. அது மலிவு, பழகிப்போனது, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். மறுபாதி, பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து செலவிடுகிற நேரம். அந்த நேரம்தான் அரிது, விலையும் அதற்குத்தான். நான் பார்த்தவரை பெரும்பாலான குடும்பங்கள் மலிவான பாதியை அரைகுறையாக முடித்துவிட்டு, அரிதான பாதியைத் தேடிக் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கப் பார்க்கிறது என்று நினைக்கிறேன். முதல் பாதியை ஒழுங்காக முடித்தால் இரண்டாவது பாதிக்கு ஆகிற செலவும் குறையும். ஸ்பெஷலிஸ்டைத் தேடுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்திலிருந்து வருகிறேன். தம்பிக்கு இரண்டு மருந்து கொடுத்தும் பலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பட்டது வேறு. இரண்டு மருந்துமே சரியாகச் சோதிக்கப்படவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு ஓசிடிக்குப் பெரும்பாலும் போதாது. செர்ட்ரலின் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை, ஃப்ளூயோக்ஸெட்டின் 60 முதல் 80 வரை, ஃப்ளூவாக்ஸமின் 300 வரை படிப்படியாக ஏற்றுவது இந்த நோயில் வழக்கமான விஷயம். அப்படி ஏற்றிய பிறகும் 8 முதல் 12 வாரம் பொறுத்துப் பார்த்தால்தான் அந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். ஒரு மாதத்தில் டாக்டரை மாற்றினால் புது டாக்டர் மறுபடி அடிமட்டத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். தூக்க மாத்திரை பதற்றத்தை அப்போதைக்குத் தணிக்கும், ஓசிடியைக் குறைக்காது. பல மாதம் ஓடினால் அதுவே பழக்கமாகிவிடும். அது இன்னும் தேவையா என்று கட்டாயம் கேளுங்கள்.

முதல் மருந்திலேயே கணிசமான முன்னேற்றம் வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு அதே வகையில் வேறொரு மருந்து, அதுவும் சரிவரவில்லை என்றால் குளோமிப்ரமைன் என்ற பழைய மருந்து, அல்லது ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில் கூடச் சேர்ப்பது என்று வரிசையாகப் படிகள் உண்டு. குளோமிப்ரமைன், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஓசிடிக்கென்றே இடம் பிடித்த மருந்து. இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் இசிஜி பார்த்துத்தான் கொடுப்பார்கள். அளவுக்கு மேல் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் மாத்திரை அட்டையை அம்மாவோ நீங்களோதான் வைத்திருக்க வேண்டும். இந்தப் படிகள் எதற்கும் பெரிய ஊர் ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. பொறுமையான பொது மனநல மருத்துவர் ஒருவர் போதும், அவரையே நீங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குணமான பிறகும் குறைந்தது ஒன்று இரண்டு வருடம் மருந்து தொடரும். மாதாமாதம் மருந்து வாங்குகிற செலவு எவ்வளவு என்பதுதான் உங்கள் குடும்பத்துக்கு நீண்ட நாள் கணக்கு. ஒருநாள் கன்சல்டேஷன் ஃபீஸ் அதற்கு முன்னால் சின்ன விஷயம்.

அதற்குத்தான் ஜிப்மர். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற மத்திய அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டுக்காரரா புதுச்சேரிக்காரரா என்று அங்கே பாகுபாடு கிடையாது. கடலூர், விழுப்புரம் ஜனங்கள் பாதி அங்கேதான் இருப்பார்கள். கூட்டம் அதிகம், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். முதல் தடவை ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அடுத்தடுத்த வருகைகள் அவ்வளவு நேரம் எடுக்காது. கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம் என்று சொல்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாரிடம் இரண்டு மாதத்தில் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டால் அந்த ஒரு நாள் பெரிதாகத் தெரியாது.

ஜிப்மர் தவிர, கடலூர்–புதுச்சேரி சாலையிலேயே, முள்ளோடை தாண்டியதும் கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி, அப்புறம் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. தனியார் கல்லூரிகள்தான், ஆனால் போதனா மருத்துவமனைகளில் புறநோயாளிக் கட்டணம் கிளினிக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறை இருந்தாக வேண்டும். புதுச்சேரிப் பேருந்தில் ஏறுகிற உங்களுக்கு இரண்டுமே வழியிலேயே வருகின்றன. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. துறைத் தலைவரைத்தான் பார்ப்பேன் என்று காத்திருக்காதீர்கள். மேற்படிப்புப் படிக்கிற இளம் டாக்டர்களுக்கு நேரமும் ஆர்வமும் இருக்கும். பெரிய டாக்டரின் மேற்பார்வையில் ஒரு நோயாளியை வாராவாரம் அரை மணி நேரம் பார்க்க அவர்களில் சிலராவது தயாராக இருப்பார்கள். தனியார் தெரபியில் 1500 ரூபாய்க்கு விற்கிறது அந்த அரை மணி நேரம்தான்.

தெற்கே போக வசதி என்றால் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. பெயர்தான் கடலூர், இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டு வைத்த பெயர். பெயரைக் கேட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் தேடியவர்கள் உண்டு. ரொம்பப் பக்கத்தில் என்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தெந்த நாளில் எந்தத் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார் என்று அங்கே கேளுங்கள். ஜிப்மரில் மருந்தும் அளவும் முடிவான பிறகு, மாத்திரை வாங்க மட்டும் மாதாமாதம் கோரிமேடு வரை போகத் தேவையில்லை. சீட்டைக் காட்டி இங்கேயே இலவசமாக வாங்கப் பாருங்கள். இருப்பு இல்லாத மாதத்துக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டும் இருக்கின்றன. பிராண்டு பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிக் கேளுங்கள். டாக்டரையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். தம்பி வேலை பார்த்த கம்பெனியில் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பிடித்திருக்க வேண்டும். பணம் கட்டிய காலத்துக்கான பலன் பின்னால் வருகிற அரையாண்டில்தான் வரும். ஆகவே வேலையை விட்ட உடனே உரிமை அறுந்துவிடுவதில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ மருந்தகத்தில் கேளுங்கள். கேட்காமலேயே காலாவதியாக விடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி அந்த அரிதான பாதி.

ஈஆர்பி (Exposure and Response Prevention) என்பார்கள். 1966-இல் விக்டர் மேயர் என்ற லண்டன் உளவியலாளர் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை. சாரம் எளிது. பயப்படுகிற பொருளைத் தொடுவது, தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும். கழுவாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை, இந்தப் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கவும் முடிகிறது என்று மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்யப் பதற்றத்தின் உயரம் குறையும். கேட்க முரட்டு வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் நன்றாகச் செய்கிற தெரபிஸ்ட் எதையும் திணிக்க மாட்டார். நோயாளியோடு உட்கார்ந்து, எதற்கு எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டு ஒரு ஏணி எழுதுவார். முப்பது நாற்பது மதிப்பெண்ணில் இருக்கிற படியில் ஏறச் சொல்வார். தொண்ணூறில் இருப்பது கடைசிக்கு.

சாதாரணமாக 12 முதல் 20 அமர்வுகள். கடுமையாக இருந்தால் இன்னும் கூடலாம். வாரம் இரண்டு முறை, 1500 ரூபாய் என்றால் மாதம் 12,000. உங்களுக்குக் கட்டாது, புரிகிறது. ஆனால் இந்த அமர்வுகளின் பெரும்பங்கு வேலை வீட்டில்தான் நடக்கிறது. தெரபிஸ்ட் திட்டம் போடுகிறார், முதல் சில முறை கூட இருந்து செய்துகாட்டுகிறார், சிக்கினால் திருத்துகிறார். பாக்கி நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்வது நோயாளியும் வீட்டில் ஒருவரும். ஆகவே பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எட்டு அமர்வுக்குப் பணம் ஒதுக்குங்கள். முதல் நான்கு நெருக்கமாக, அடுத்த நான்கு பத்து நாளுக்கு ஒருமுறை. உங்களையும் உள்ளே உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். மறுக்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். வீடியோ அழைப்பிலும் ஈஆர்பி நன்றாகவே நடக்கிறது. பயம் இருப்பது உங்கள் வீட்டுக் குளியலறையிலும் கதவுத் தாழ்ப்பாளிலும்தான் என்பதால், போனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே செய்வது சில சமயம் கிளினிக்கை விட மேல். புதுச்சேரியில் ஆள் கிடைக்கவில்லை என்றால் சென்னையில் தமிழ் பேசுகிற ஒருவரிடம் இப்படிச் செய்யலாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். கவுன்சலிங் என்று போர்டு மாட்டியவரெல்லாம் மருத்துவ உளவியலாளர் இல்லை. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கோபப்படாமல் சொல்வார், சொல்ல வேண்டும். அடுத்து, "ஓசிடிக்கு என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பயத்தை நேருக்கு நேர் சந்திக்கப் பயிற்சி, வீட்டுப்பாடம் என்று பேச்சு போனால் சரியான இடம். மூச்சுப் பயிற்சி, பாசிட்டிவ் எண்ணம், கெட்ட எண்ணம் வந்தால் கையில் ரப்பர் பேண்டைச் சுண்டு, குழந்தைப் பருவத்தில் என்ன நடந்தது என்று பத்து வாரம் பேசுவோம் என்றெல்லாம் போனால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மூச்சுப் பயிற்சியில் குற்றமில்லை, அதற்கு 1500 ரூபாய் எதற்கு?

உங்கள் தம்பி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிப்காட் ரசாயனம் என்பது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் கடலூர்க்காரர்கள் பல வருடமாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மொத்தமாக மறுத்தால் தம்பி உங்களை நம்ப மாட்டார், நம்பவும் வேண்டாம். அளவுகோலை வேறு இடத்தில் வையுங்கள். அதே ஷிஃப்டில் வேலை பார்த்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்? வேலை முடிந்ததும் கை கால் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். அதுவரை பாதுகாப்பு. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு வாளித் தண்ணீரும் நோய். பயிற்சிக்காக நிஜ ரசாயனத்தைத் தொடச் சொல்ல எந்தத் தெரபிஸ்டுக்கும் அவசியமில்லை. பழைய கம்பெனி அடையாள அட்டை, அந்த ஷிஃப்டுக்குப் போட்ட செருப்பு, அந்த வழியாகப் போகிற பேருந்தின் இருக்கை, இவையே ஏணிக்குப் போதும்.

கோயிலுக்கு வருவதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் நின்றது. தீட்டுப் பயமாக இருக்கலாம். இன்னொன்றாகவும் இருக்கலாம். சாமி முன்னால் நிற்கும்போது மனசுக்குள் அசிங்கமான வார்த்தை ஓடுவது, காமமான காட்சி வருவது, அம்மாவையே ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றுவது, இவையும் ஓசிடிதான். கழுவுவது கண்ணுக்குத் தெரியும், இவை தெரியாது. நம் ஊரில் இதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. சொன்னால் பைத்தியம் என்பார்கள், கெட்டவன் என்பார்கள் என்று வருடக்கணக்காக டாக்டரிடமே மறைப்பார்கள். அந்த எண்ணம் வருகிறவர்கள் அதை வெறுக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு வேதனை. அவர்கள் அதைச் செய்யப்போவதற்கான அடையாளம் இல்லை அது. தம்பியிடம் நேரடியாகத் துருவ வேண்டாம். "இந்த நோயில சில பேருக்கு சாமி பத்திக் கூட கண்ட நெனப்பு வருமாம்டா, அதுவும் நோய்தானாம்" என்று ஒருநாள் சும்மா சொல்லிவிட்டு விடுங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச அவருக்குப் பத்து நிமிடம் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் வெளியே இருங்கள்.

மனநோய்க்கு வேண்டிக்கொள்கிற குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். போய்விட்டு வாருங்கள், அம்மாவுக்கு ஆறுதல் என்றால் தடுக்கிற ஆள் நான் இல்லை. மாத்திரையைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது.

அம்மாவுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் அம்மா செய்வதெல்லாம் பாசத்தில் செய்வது. ஆனால் அவர் துணி அலசுகிறபோதும், கதவைத் திறக்கிறபோதும், "ஒட்டலடா" என்கிறபோதும், அது நிஜமாகவே ஆபத்துதான் போலிருக்கிறது என்று தம்பியின் மூளை குறித்துக்கொள்கிறது. "ஒட்டலடா" தருகிற நிம்மதி கடைசியாக எவ்வளவு நேரம் நின்றது என்று அம்மாவையே கேட்டுப் பாருங்கள். வீட்டார் இப்படி ஒத்துப்போவது அதிகமாக இருக்கிற இடங்களில் சிகிச்சையின் பலன் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதற்காக நாளைக் காலையில் தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளாதீர்கள். சில வீடுகளில் அண்ணன்மார் அப்படிச் செய்து அடிதடியில் முடிந்திருக்கிறது. தம்பி நிதானமாக இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு, ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். உதாரணமாக, ஒட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு ஒரு தடவை பதில், இரண்டாம் தடவை "இது நோய் கேக்குற கேள்விடா, நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துலயே இருக்கேன்" என்று மட்டும். முதல் வாரம் கத்துவார், அழுவார். அம்மாவால் தாங்க முடியாது, அங்கே நீங்கள் இருக்க வேண்டும். அது பழகிய பிறகு அடுத்தது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்காவிட்டால் இது வேலை செய்யாது. நீங்கள் மறுத்ததை அத்தை வந்து செய்துகொடுத்தால் போச்சு.

சரி, இவ்வளவும் செய்து, இரண்டு மருந்தை முழு அளவில் மூன்று மூன்று மாதம் பார்த்து, ஈஆர்பியும் முயன்று, அப்புறமும் அசையவில்லை என்றால்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ். ஓசிடிக்கென்றே தனி கிளினிக் அங்கே இருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்த்து நெருக்கமாக ஈஆர்பி கொடுக்கிற வசதியும் உண்டு. மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியார் கணக்கில் வராது, ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. தமிழ் பேசிச் சமாளிக்கலாம். ஆனால் அங்கே செலவு மருத்துவமனையில் இல்லை, அதைச் சுற்றித்தான். சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், வாரக்கணக்கில். உங்கள் சம்பளம் நிற்கும். அந்தக் கணக்கையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஓசூர் வழியாக வரும் பேருந்து என்றால் மடிவாளாவில் இறங்கினால் பக்கம். மயிலாடுதுறையோடு நின்றுகொண்டிருந்த மைசூர் எக்ஸ்பிரஸை 2024-இல் கடலூர் துறைமுகம் சந்திப்பு வரை நீட்டிவிட்டார்கள், அது உங்கள் முதுநகர் ஸ்டேஷன்தான். தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு என்று சுற்றிக்கொண்டு போகும், ஆனால் பேருந்து இருக்கையைத் தொட முடியாத ஆளுக்கு, தன் விரிப்பை விரித்துக்கொள்கிற ரயில் பெர்த் சுலபம். அவ்வளவு தூரம் முடியாது என்றால் சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. பெயரைக் கேட்டாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். பெரிய இடத்து டாக்டர் முதலில் கேட்பது, என்ன மருந்து, எந்த அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்பதைத்தான். அந்தத் தாள் இல்லையென்றால் அவரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான், பெங்களூரு போனதற்கு அர்த்தமில்லாமல் போகும். கூடவே, ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கிற ஒய்-பாக்ஸ் (Y-BOCS) என்ற மதிப்பீடு. நாற்பதுக்குப் போடுகிற மதிப்பெண் அது. 24 முதல் கடுமை, 32 முதல் மிகக் கடுமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லி எண்ணைக் குறித்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் சிகிச்சை பலிக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 34-இலிருந்து 22-க்கு வந்த தம்பி இன்னும் கழுவிக்கொண்டுதான் இருப்பார், வீட்டில் யாருக்கும் மாற்றம் கண்ணில் படாது. எண் இல்லையென்றால் அந்த நேரத்தில்தான் மருந்தை மாற்றித் தொலைப்பீர்கள்.

காந்த அலை சிகிச்சை என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 2018-இல் அதன் ஒரு வகைக்கு ஓசிடிக்காக அனுமதி கிடைத்தது உண்மை. மருந்தும் ஈஆர்பியும் முழுசாகச் செய்து பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது. எடுத்த எடுப்பில் அதற்கு நகையை அடகு வைக்காதீர்கள். மூளைக்குள் மின்முனை வைக்கிற அறுவை சிகிச்சை இன்னும் வெகு சிலருக்கே. ஷாக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ஓசிடிக்காகவா, கூட இருக்கிற மனச்சோர்வுக்காகவா என்று கேளுங்கள். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் அதற்கு நியாயம் உண்டு, ஓசிடிக்கு மட்டும் என்றால் இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு நிதியில் நடக்கிற மனநலச் சேவை உங்கள் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனையில் இலவசம். தனியார் காப்பீட்டு நிறுவனமும் உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்குக் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் கொடுக்கும், ஓசிடி சிகிச்சையோ புறநோயாளியாகவே நடக்கும். ஆகவே இதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம், நிம்ஹான்ஸில் சேர்க்கிற நிலை வந்தால் எடுத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்குமா என்றால், கிடைக்கும். மனநோய்க்கான அரசு அளவீட்டில் ஓசிடியும் உண்டு, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால் போதும். 26 வயசுப் பையனுக்கு இதை வாங்கிவிட்டால் கல்யாணம் நடக்காது என்று அம்மா அழலாம். அவசரமில்லை, சிகிச்சையின் பலன் தெரிந்த பிறகு தம்பியே முடிவு செய்யட்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிவிடும் என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் ஒதுக்க ஆரம்பித்தால், கழுவிக் கழுவித் தோல் வெடித்துச் சீழ் வைத்தால், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாலும், அன்றைக்கே ஜிப்மர் அவசரப் பிரிவு. நடுராத்திரி என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். புது மருந்து தொடங்கிய முதல் சில வாரம் பதற்றம் கூடலாம், அந்த நாட்களில் தம்பியைத் தனியாக விடாதீர்கள்.

ஜிப்மருக்குப் போகிற நாளுக்கு இன்றே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே பழைய மருந்து இரண்டும், அளவும், தேதியும். நடுவில் ஒரு சாதாரண நாளில் காலை எழுந்ததிலிருந்து எதெதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்ற கணக்கு, அம்மா செய்துகொடுப்பதும் சேர்த்து. கீழே டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இந்த மருந்தை எந்த அளவு வரை ஏற்றுவீர்கள், எத்தனை வாரம் பார்க்கலாம், இங்கே ஈஆர்பி செய்கிற உளவியலாளர் யார், அவரிடம் எனக்கு எப்போது முறை வரும். காத்திருப்புப் பட்டியல் என்றால் சலிக்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மருந்து முழு அளவுக்கு ஏறிப் பலன் தெரியவே சில மாதம் ஆகும், அதற்குள் உங்கள் முறையும் வந்துவிடலாம்.